பார்த்துக்கொள்கிறேன் என்றவள்

"வீட்டுக்குத் தெரிய வேணாம்மா" என்று அவள் கேட்டாள். "நான் பாத்துக்கிறேன், வா" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

2024 மார்ச் கடைசி. கல்லூரிகளுக்கிடையிலான கவிதை, பேச்சுப் போட்டிக்காக மூன்று மாணவிகளை அழைத்துக்கொண்டு ஒரு பெருநகரத்துக்குப் போயிருந்தேன். நான் பெரம்பலூரில் குடியிருக்கிறேன். அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பேருந்துப் பயணம். என் வகுப்புப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர்களிலிருந்தும், சுண்ணாம்புக்கல் புழுதி படியும் ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள். அவளும் அப்படி ஒருத்திதான், மூன்றாம் ஆண்டு. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மாற்றுப் பெயரும் வைக்கப்போவதில்லை.

போட்டி மதியமே முடிந்துவிட்டது. இரவு பத்தரைக்குத்தான் பேருந்து. தோழி ஒருத்தி, "மேட்சுக்கு நாலு டிக்கெட் இருக்கு, பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்குக் கிரிக்கெட் உயிர். அண்ணன் ஆடும்போது பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் கற்றவள். வயதுக்கு வந்த பிறகு அந்தத் திடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்து போனோம்.

மைதான வாசலில் ஆண்களுக்கு நீண்ட வரிசைகள் பல. பெண்களுக்கு ஒன்றே ஒன்று. சோதனை செய்ய இரண்டு பெண் காவலர்கள், திரை கிடையாது. ஒரு மேசைமேல் பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். தண்ணீர் பாட்டில், சீப்பு, சில்லறை எல்லாம் கூடைக்குப் போயின. ஒரு மாணவியின் பையிலிருந்து நாப்கின் பொட்டலம் விழுந்தது. அதைப் பிரித்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார் காவலர். பக்கத்து வரிசை ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காவலர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மதியத்திலிருந்து வெயிலில் நின்றவர். அவருக்குக் கழிப்பறை எங்கே என்று யாராவது காட்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். கைது செய்யப்பட்ட பெண்ணைக்கூட இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆட்டம் பார்க்க வந்த பெண்ணுக்கு ஒரு திரைச்சீலை போட யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் எங்களை ஒருவருக்கும் தெரியாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஊர்க்காரப் பெண்ணுக்குத்தான் விளங்கும். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி என் வீட்டுக்கு நடப்பதற்குள் பத்துப் பேராவது என்னை அடையாளம் கண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டி, முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு தொகுப்புகள் போட்ட எனக்கே இந்தக் கதி. அந்தப் பிள்ளைகளுக்குத் தெருமுனைக் கடையும் திண்ணையும் அண்ணனின் நண்பர்களும் எப்போதும் திறந்திருக்கும் கண்கள். அந்த மாலை அவள் கத்தினாள். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். சிக்ஸர் போனபோது எழுந்து ஆடினாள். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது, அவள் அதை முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் பெரிய திரையில் வந்தாள். மூன்று, நான்கு விநாடி இருக்கும். பக்கத்து இருக்கையில் யாரென்றே தெரியாத ஓர் இளைஞனும் எழுந்து ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில். அவள் சட்டென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "அம்மா, டி.வி.ல வந்திருப்பனா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

பேருந்து நகர எல்லையைத் தாண்டுவதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. அண்ணனின் சிநேகிதன் ஒருவன் அந்த நான்கு விநாடியைப் பிடித்து, ஒரு காதல் பாட்டு போட்டு, ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். விடியும்போது நாங்கள் அரியலூரில் இறங்கினோம். அவளுடைய அண்ணன் பைக்கோடு நின்றிருந்தான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அகப்பாடல் நடத்தும்போது வருடாவருடம் நான் விளக்குகிற இரண்டு சொற்கள் அம்பல், அலர். வாய்விட்டுச் சொல்லாமல் முகக்குறிப்பால் முணுமுணுப்பது அம்பல். சொல்லாக மலர்ந்து ஊருக்கே தெரிவது அலர். மொட்டும் மலரும்போல என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அலர் எழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது: இற்செறிப்பு. பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காவல் போடுவது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். அன்றைக்கு அம்பலுக்கும் அலருக்கும் இடையில் ஒரு பேருந்துப் பயணத்தின் அவகாசம்கூட இல்லை.

பத்து நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. நான் அவள் ஊருக்குப் போனேன். அவள் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, நீங்க கூட இருந்தீங்கன்னுதான் அனுப்புனோம்" என்றார். பெரியப்பா திண்ணையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பக்கத்துல இருந்த பய யாருங்க? எந்த ஊரு?" அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்ததை நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எந்த ஊர் என்றால் எந்தத் தெரு என்று அர்த்தம். அந்தப் பையன் யாரென்று எங்களுக்குத் தெரியாது, டிக்கெட்டில் எண் போட்டபடி உட்கார்ந்தான், அவ்வளவுதான் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தால் உயிர் போயிருக்கிறது. தொலைக்காட்சிக்குக் காட்சியழகு சேர்க்கிறேன் என்று நினைத்த ஒளிப்பதிவாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் அந்த வேலையின் வசதி.

அவள் தேர்வு எழுதினாள். விடுதியை விட்டு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் தினமும் கொண்டுவந்து விட்டு, தேர்வு முடியும்வரை வாசலில் நின்று கூட்டிப்போனான். இற்செறிப்பு பைக்கில் வந்து போனது. பட்டம் வாங்கிவிட்டாள். எம்.ஏ. விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். அது கல்லூரி அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேமராவே வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

2025 தை மாதம், எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஜல்லிக்கட்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்து, 2017 போராட்டத்துக்குப் பிறகு மாநிலச் சட்டத்திருத்தத்தால் மீண்டு, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்ட வரலாறு எல்லோருக்கும் தெரியும். இப்போது முன்போல் இல்லை. இரட்டைத் தடுப்பு வேலி, மாடுகளுக்கும் வீரர்களுக்கும் முன்பதிவு, மருத்துவச் சோதனை, கேமரா எல்லாம் உண்டு. முல்லைக்கலியில் ஆயர் பெண்கள் ஏறு தழுவுவதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவோ பேசுகிறார்கள். யார் எந்தக் காளையைப் பிடித்தான் என்று எடை போடுகிறார்கள். இன்றைக்குப் பெண்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறார்கள். மாடியில் இடம் கிடைக்காதவர்கள் சந்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

அந்தச் சந்தில் என் தோழியின் மகளிடம், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், ஒருவன் தவறாக நடந்துகொண்டான். அவள் அழுதுகொண்டே வந்து சொல்வதற்குள் அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். நாங்கள் விழாக்குழுவிடம் போய்க் கேமராப் பதிவைக் கேட்டோம். நான் கேட்டேன். கேமராவால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றதைப் பார்த்த அதே நான், "பதிவு இருக்குல்ல, போட்டுக் காட்டுங்க" என்று சத்தம் போட்டேன். "அந்தப் பக்கம் கேமரா இல்லீங்க, வாடிவாசலத்தான் எடுத்தோம்" என்றார்கள். மாடு இருந்தது, பரிசு மேடை இருந்தது, பெண்கள் நின்ற சந்து இல்லை. ஒருவர் இரக்கப்பட்டு, யாரோ யூடியூபுக்காக டிரோனில் எடுத்த காட்சியைத் தொலைபேசியில் காட்டினார். அதில் மாடிப் பெண்கள் வரிசையாக, நெருக்கத்தில், அழகாகப் பதிவாகியிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் பார்க்கப்பட வேண்டிய இடத்தில் கேமரா இல்லை. பார்க்கப்பட வேண்டாத இடத்தில் எல்லாம் இருக்கிறது. கேமரா கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று கேட்பதால் பயனில்லை. யார் கையில், எதற்காக, எவ்வளவு நாள், தவறினால் யார் பதில் சொல்வார் என்று கேட்க வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் கேட்காமல் விட்ட இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். 2017 ஜூன் மாதம் கார்டிஃப் நகரத்தில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி. வந்தவர்களின் முகங்களைக் காவல்துறை கணினியால் ஒப்பிட்டது. தேடப்படுகிறவர் இவர் என்று 2,470 முறை அது எச்சரித்தது. அவற்றில் 2,297 தவறு. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காவல்துறை முக அடையாள முறையைப் பயன்படுத்திய விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. சொன்ன காரணங்களில் ஒன்று: பாலினம், இனம் சார்ந்த பாரபட்சம் அந்த மென்பொருளில் இருக்கிறதா என்று காவல்துறை முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. கருத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம்வரை. நம் பிள்ளைகளின் முகம் எந்த வரிசையில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிவான முகம் பதிவானவர்களிடமே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தின் தரவுகள் கசிந்த செய்தி வந்தது. நம்மைப் பாதுகாக்கச் சேர்த்தது வெளியே போகிறது. சேர்க்காமல் விட்டது ஒருநாளும் கசியாது.

பாதுகாப்பு என்ற சொல்லைப் பெண்கள் இரண்டு முறை யோசித்துத்தான் நம்ப வேண்டும். ஈரானில் பெண்களைப் பல பத்தாண்டுகள் ஆண்களின் கால்பந்து மைதானத்துக்குள் விடாமல் வைத்திருந்ததற்கும், ஆண்கள் கூட்டத்திடமிருந்து பெண்களைக் காப்பது என்ற காரணம்தான் சொல்லப்பட்டது. 2019 மார்ச்சில் ஆண் வேடமிட்டு டெஹ்ரானின் ஆசாதி மைதானத்துக்குள் போக முயன்று பிடிபட்ட சஹர் கொதாயாரி, செப்டம்பரில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்தாள். அடுத்த மாதம் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தைக் காணப் பெண்களை உள்ளே விட்டார்கள். ஈரான் 14 கோல் போட்டது.

காவலின் எல்லை எப்படி நகரும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2018 ஏப்ரல் 10, சேப்பாக்கம். காவிரிக்காகத் தெருவில் போராட்டம் நடந்த நேரம். கறுப்பு உடையோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தினார்கள். அதையும் மீறி மைதானத்துக்குள் காலணி விழுந்தது. சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவல்துறைக்குப் பயப்படக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயுதம் தேடும் கை கொஞ்ச நேரத்தில் சட்டையின் நிறத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

உண்மையில் உயிரைக் காப்பது எது? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசல்களில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் பதினோரு பேர் இறந்தார்கள். யாருடைய முகமும் தெரியாமல் போனதால் நடந்த சாவு அல்ல அது. எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கும், எப்படி வெளியேறுவார்கள் என்று திட்டமிடாததால் நடந்தது. அகலமான வாசல், போதுமான வழிகள், தண்ணீர், வெளிச்சம், போதிய எண்ணிக்கையில் பெண் காவலர்கள். இவை எதுவும் ஒருத்தியின் முகத்தைச் சேமித்து வைக்கத் தேவையில்லாதவை.

தொலைக்காட்சிக் கேமரா வேறு, காவல் கேமரா வேறு என்பார்கள். பார்க்கப்படுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, கூட்டத்தில் அழகான பெண்களாகத் தேடிப் பிடித்து நெருக்கத்தில் காட்டுவதைக் குறைக்கும்படி ஒளிபரப்பாளர்களிடம் ஃபிஃபாவே சொன்னது. மறுவருடம் நம் ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றில் சில விநாடி காட்டப்பட்ட பெண் ஒருத்தி, ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் தன்னைப் பின்தொடர்ந்ததையும், வசைகள் வந்து குவிந்ததையும், தன் அந்தரங்கம் பறிபோனதையும் எழுதினாள். நகரத்தில், வசதியோடு, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பெண்ணுக்கே அப்படி. என் மாணவிக்கு எழுதவும் இடமில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில், படம் எடுக்கச் சம்மதம் என்று போட்டிருக்கும் என்று வழக்கறிஞர் நண்பர் சொன்னார். சம்மதம் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது 2023-ஆம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்க அதிலேயே வழியும் வைத்திருக்கிறது. பொதுவெளிக்கு வந்துவிட்டதாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை இல்லாமல் போய்விடாது என்பதை 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி தீர்ப்பு சொல்லிவிட்டது. தீர்ப்பு மைதான வாசல்வரை வந்து சேரவில்லை.

என்ன செய்யலாம்? நான் சட்டம் படித்தவள் இல்லை. கூட்டத்தில் நின்ற பெண்ணாகச் சொல்கிறேன். வாசலில் பெண்களுக்குத் திரையிட்ட சோதனை அறை வேண்டும். கேமரா பெண்கள் போகும் சந்திலும் கழிப்பறைப் பாதையிலும் வாகன நிறுத்தத்திலும் இருக்கட்டும். யாரும் புகார் தராவிட்டால் சில நாளில் பதிவு அழியட்டும். பதிவைப் பார்ப்பவர் யார், எப்போது பார்த்தார் என்று குறிப்பு இருக்கட்டும். பெண் ஒருத்தி புகார் தந்தால், பத்து ஆண்கள் சுற்றி நின்று பார்க்கிற அறையில் அதைப் போடாமல் இருக்கட்டும். டென்மார்க்கில் ப்ரொன்பி என்ற கால்பந்துக் கழகம், தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வாங்கி 2019-இல் முகம் பார்க்கும் கேமரா வைத்தது. தடைசெய்யப்பட்ட சிலரின் முகத்தை மட்டும் அது தேடும். மற்றவர்களின் முகத்தை வைத்துக்கொள்ளாது. அதுவே போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரோ ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

கடைசியாக என் பங்கு. 'பார்' என்பதும் 'பார்த்துக்கொள்' என்பதும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன. பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் அப்பா பார்க்கிறார், அண்ணன் பார்க்கிறான், காவல்துறை பார்க்கிறது, கேமரா பார்க்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். "தெரிந்தால் என்ன ஆகும்?" என்று அவளிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவள் எடுக்கிற துணிச்சலின் விலை அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வந்திருப்பாள் என்றே நினைக்கிறேன். அப்போது அது என் பொறுப்பாக இல்லாமல் அவள் முடிவாக இருந்திருக்கும்.

2025 நவம்பர் 2 இரவு, நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு, புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான். அம்மாவோடு உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்தாளாம். தென்னாப்பிரிக்காவை 52 ஓட்ட வித்தியாசத்தில் வென்றதை, யார் யாரை எப்படி ஆட்டமிழக்கச் செய்தார்கள் என்பதை, மூச்சுவிடாமல் சொன்னாள். எம்.ஏ. பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே, "அஞ்சல் வழியில சேரலாம்னு அம்மா சொல்லுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, கூட்டத்தக் காட்டுனாங்கல்ல, எத்தன பொண்ணுங்க! முகத்துல கொடிய வரஞ்சுகிட்டு… அவங்கல்லாம் வீட்டுல சொல்லிட்டா வந்திருப்பாங்க?"

தெரியவில்லை என்றேன். அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொலைக்காட்சியில் இன்னும் கூட்டத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் வீட்டிலும் என் வீட்டிலும்.